ஸ்கேனில் தெரியாத கணுக்கள்: வாசகர் கேள்வி பதில்

தைராய்டு கட்டிகளைப் பற்றிச் சேலம் பக்கமிருந்து வந்த கடிதங்களில் சில, அபூர்வமான மெடுல்லரி வகைப் புற்றுநோயைப் பற்றியவை. மற்ற தைராய்டு புற்றுநோய்களின் கணக்கு இதற்குப் பொருந்தாது என்பதால் தனியாக எடுத்துக்கொண்டோம். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

அம்மாவுக்கு வயது 54. தைராய்டின் வலது பக்கம் 1.8 செ.மீ. கட்டி. ஊசிப் பரிசோதனையில் மெடுல்லரி என்று வந்தது. ரத்தத்தில் கால்சிடோனின் 640, சி.இ.ஏ. 22. கழுத்து ஸ்கேனில் ‘கணுக்கள் எதுவும் இல்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் சர்ஜன், தைராய்டோடு நடுக்கழுத்து, வலது பக்கக் கழுத்துக் கணுக்களையும் எடுக்க வேண்டும், இடது பக்கத்தையும் யோசிக்க வேண்டும் என்கிறார். இன்னொரு டாக்டர் தைராய்டும் நடுக்கழுத்தும் போதும் என்கிறார். இல்லாத கணுவை எதற்கு எடுப்பது?
– அம்மாபேட்டை, சேலம்

‘ஸ்கேனில் தெரியவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று படித்துவிடக் கூடாது. மெடுல்லரியில் ஆரம்பத்திலேயே நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் குணம் உண்டு. கையில் தட்டுப்படும் அளவுக்குக் கட்டி வந்தவர்களைப் பற்றி 1999-இல் அமெரிக்காவில் வெளியான அறுவை சிகிச்சை ஆய்வு ஒன்றில், கட்டி ஒரு பக்கம் மட்டும் இருந்தவர்களிலேயே நடுக்கழுத்துக் கணுக்களில் 81 சதவீதத்தினருக்கும், அதே பக்கக் கழுத்தில் 81 சதவீதத்தினருக்கும், எதிர்ப்பக்கத்தில் 44 சதவீதத்தினருக்கும் நோய் இருந்தது. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் பார்த்தார்கள். கழுத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்து, விரலால் தடவி, ‘இந்தக் கணுவில் நோய் இருக்கிறது’ என்று சர்ஜன் சொல்வது எவ்வளவு சரி? நோயுள்ள கணுக்களில் 64 சதவீதத்தைத்தான் அப்படிக் கண்டுபிடிக்க முடிந்தது. திறந்து பார்க்கும் கண்ணுக்கே இவ்வளவு தப்பும் என்றால், தோலுக்கு வெளியிலிருந்து பார்க்கும் ஸ்கேனை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. அதிலும் நடுக்கழுத்துக் கணுக்கள் தைராய்டுக்கும் மூச்சுக்குழலுக்கும் அருகில் மறைந்து கிடப்பவை. அல்ட்ராசவுண்டில் அதிகம் தவறுவது அந்த இடம்தான்.

அதனால்தான் கால்சிடோனின் இங்கே முக்கியம். மெடுல்லரி வருவது தைராய்டின் ‘சி’ செல்களிலிருந்து. அந்தச் செல்களின் சுரப்பே கால்சிடோனின். உடம்பில் அந்தச் செல்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதை ரத்தத்தில் உள்ள அளவு ஓரளவு காட்டிவிடும். முதல் அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த அளவையும் பரவலையும் ஒப்பிட்டு ஜெர்மனி மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு சொல்லும் படிகள் இவை. ஒரு மில்லி லிட்டருக்கு 20 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் கணுப் பரவல் ஏறக்குறைய இல்லை. 20-ஐத் தாண்டினால் கட்டி இருக்கும் பக்கத்து நடுக்கழுத்திலும் பக்கக் கழுத்திலும் தென்படத் தொடங்குகிறது. 50-ஐத் தாண்டினால் எதிர்ப்பக்க நடுக்கழுத்து. 200-க்கு மேல் எதிர்ப்பக்கக் கழுத்து. 500-க்கு மேல் மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் மேல் பகுதி.

இந்த எண்களை இரண்டு விதமாகத் தவறாகப் படிக்கிறார்கள். ஒன்று, 200-ஐத் தாண்டினால் எதிர்ப்பக்கத்தில் நோய் நிச்சயம் என்று நினைப்பது. அப்படி இல்லை, அந்த அளவிலிருந்து அங்கே பரவல் தென்பட ஆரம்பிக்கிறது, எண் ஏற ஏற வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். இரண்டாவது, அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது. மேலே சொன்னவை பிகோகிராம் கணக்கு. உங்கள் ரிப்போர்ட்டில் ‘பிகோமோல்’ என்று இருந்தால் எண்ணை 3.4-ஆல் பெருக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

அம்மாவின் 640 நான்கு படிகளையும் தாண்டிவிட்டது. ஆகவே கத்தி வைப்பதற்கு முன்பு உடம்பின் மற்ற பகுதிகளைப் பார்த்துவிட வேண்டும். 500-க்கு மேல் போனால் கழுத்துக்கும் மார்புக்கும் கான்ட்ராஸ்ட் சி.டி., கல்லீரலுக்கு மூன்று கட்ட சி.டி. அல்லது கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ., எலும்புக்குத் தனிப் படம் என்று எடுப்பது வழக்கம். ‘தைராய்டு நோயாளிக்கு அயோடின் கான்ட்ராஸ்ட் கூடாது’ என்று யாராவது தடுத்தால், அந்தத் தயக்கம் பின்னால் கதிரியக்க அயோடின் கொடுக்க வேண்டிய வகைகளுக்குச் சொன்னது. மெடுல்லரிக்கு அந்தச் சிகிச்சையே கிடையாது. சிறுநீரகம் சரியாக இருந்தால் போதும். சி.இ.ஏ. என்பது இந்த நோயில் ரத்தத்தில் கூடும் இன்னொரு பொருள்; அதன் 22 இரண்டாம் சாட்சி. 30-ஐத் தாண்டும்போது நோயை முழுக்க அகற்றுவது கடினமாகிறது. 100-ஐத் தாண்டினால் எதிர்ப்பக்கக் கழுத்தையும் தூர உறுப்புகளையும் சந்தேகிக்க வேண்டும். அம்மாவுக்கு அது இன்னும் அந்த இரண்டு கோட்டுக்கும் கீழே இருப்பது நல்ல செய்தி.

இனி இரண்டு டாக்டர்களின் கருத்து வேறுபாடு. இருவருமே புத்தகத்துக்கு வெளியே பேசவில்லை. தைராய்டு முழுவதும் எடுப்பது, நடுக்கழுத்தின் இரு பக்கக் கணுக்களையும் சுத்தம் செய்வது – இதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. ஸ்கேனில் எதுவும் தெரியாதபோது பக்கக் கழுத்தைக் கால்சிடோனினை வைத்து எடுக்கலாமா என்ற கேள்வியில், அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதலை எழுதிய குழுவே ஒரு முடிவுக்கு வரவில்லை என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. எங்கள் கருத்து: 640 அளவில் வலது பக்கக் கழுத்தை முதல் அறுவை சிகிச்சையிலேயே எடுத்துவிடுவது நல்லது. தழும்பு ஏறிய கழுத்தில் இரண்டாம் முறை போகும்போது குரல் நரம்புக்கும், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகளுக்கும் ஆபத்து கூடும். இடது பக்கத்தில் ஸ்கேனும் சி.டி.யும் சுத்தமாக இருந்தால், அதை விட்டுவைத்து மூன்று மாதம் கழித்துக் கால்சிடோனின் பார்த்து முடிவு செய்வதில் தவறில்லை. வலது பக்கக் கழுத்தில் படத்திலேயே நோய் தெரிந்திருந்தால், 200-க்கு மேல் இடது பக்கத்தையும் சேர்த்து யோசிக்கச் சொல்வதே வழிகாட்டுதல். உங்கள் சர்ஜன் மனதில் அந்த எண்தான் இருக்கும்.

நடுக்கழுத்திலிருந்து எடுத்த கணுக்களும் ஒரு தடயம். அங்கே ஒன்றில்கூட நோய் இல்லையென்றால் அதே பக்கக் கழுத்தில் இருக்கும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். 1 முதல் 3 வரை இருந்தால் சுமார் 77. 4 அல்லது அதற்கு மேல் என்றால் 98 சதவீதம் வரை. அதனால் சிலர் நடுக்கழுத்துக் கணுக்களை முதலில் எடுத்து, மயக்கத்தில் இருக்கும்போதே உறைநிலைப் பரிசோதனைக்கு அனுப்பி, பிறகு பக்கக் கழுத்தை முடிவு செய்கிறார்கள். அந்த வசதி மருத்துவமனையில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

சர்ஜனிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: பக்கக் கழுத்தை எடுத்தால் 2 முதல் 5 வரையிலான நிலைகளை (பக்கக் கழுத்துக் கணுக்களைப் பகுதி பகுதியாக எண்ணிச் சொல்வது) ஒரே தொகுப்பாக எடுப்பாரா, வீங்கிய கணுக்களை மட்டும் பொறுக்கி எடுப்பாரா? பொறுக்கி எடுப்பது இந்த நோய்க்கு உதவாது. மிச்சம் கட்டாயம் இருக்கும், அடுத்த முறை தேடுவதும் கஷ்டம்.

ஒன்றை விட்டுவிட்டோம், அதுதான் எல்லாவற்றுக்கும் முந்தியது. அட்ரீனல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி இல்லை என்று உறுதி செய்யாமல் மயக்க மருந்து கொடுக்கக் கூடாது. ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் பார்த்தால் தெரியும். அது இருந்து கவனிக்காமல் விட்டால், மேஜையிலேயே ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கு ஆபத்தாகலாம். இருப்பது தெரிந்தால் அதை முதலில் எடுத்துவிட்டுத்தான் கழுத்துக்கு வருவார்கள். கால்சியமும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு லேபில் கால்சிடோனின் 84, பத்து நாள் கழித்து இன்னொரு லேபில் 51. எதை நம்புவது? முதல் ரத்தம் ஏற்காட்டில் கொடுத்தது, இரண்டாவது சேலத்தில்.
– நாகலூர், ஏற்காடு

இரண்டுமே 50-க்கு மேல் என்பதால் உங்கள் விஷயத்தில் முடிவு பெரிதாக மாறாது. ஆனால் இதே தடுமாற்றம் 20-க்குப் பக்கத்தில் நடந்தால் மாறிவிடும்.

ரத்தம் வெளியே வந்ததும் கால்சிடோனின் சிதையத் தொடங்கும். சாதாரணத் தைராய்டு பரிசோதனையான டி.எஸ்.ஹெச்.சுக்கு எடுத்த ரத்தம் போல அதைப் பெட்டியில் போட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கிக் கொண்டுவர முடியாது. எடுத்த உடனே பனிக்கட்டியில் வைத்து, சுழற்றிப் பிரித்து, சீரத்தை உறைய வைத்துத்தான் அனுப்ப வேண்டும். தாமதமானால் எண் இறங்கும். ‘குறைவாக வந்திருக்கிறது’ என்ற பொய்யான நிம்மதி கிடைக்கும். உங்களுக்கு மலையில் கொடுத்ததுதான் கூடுதலாக வந்திருக்கிறது, ஆகவே போக்குவரத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. லேபுக்கு லேப் பயன்படுத்தும் கிட் வேறுபடும். அதிலேயே இந்த அளவு வித்தியாசம் வரலாம். இனிமேல் ஒரே லேப், காலையில் வெறும் வயிறு, மையப் பிரிப்பு எந்திரம் இருக்கும் இடத்தில் நேரடியாகப் போய்க் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பான்டாப்ரசோல், ஒமெப்ரசோல் போன்ற அமில மாத்திரைகள் எண்ணை ஏற்றும். சிறுநீரகக் கோளாறும் ஏற்றும். புகை பிடிப்பவர்களுக்கும் சற்றுக் கூடும். முடி கொட்டாமல் இருக்கச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில கிட்களில் எண்ணைப் பொய்யாகக் குறைக்கும். எதையும் டாக்டரைக் கேட்டு நிறுத்தி, பிறகு ரத்தம் கொடுங்கள். கட்டி பெரிதாக இருந்து எண் மட்டும் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாக வந்தால், ரத்தத்தை நீர்க்கச் செய்து மறுபடி அளக்கச் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறிய கால்சிடோனின் சில கிட்களைத் திணறடித்துக் குறைவான எண் காட்ட வைக்கும்.

பில்லையும் ஒரு முறை பாருங்கள். ‘புரோகால்சிடோனின்’ என்று இருந்தால் அது கிருமித்தொற்றுக்குப் பார்க்கும் வேறு பரிசோதனை. மெடுல்லரியில் அதுவும் கூடும் என்றாலும் மேலே சொன்ன 20, 50, 200 கணக்கு அதற்குச் செல்லாது. லேப் கவுண்டரில் இந்தக் குழப்பம் சாதாரணமாக நடக்கிறது.

கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. ஸ்கேன் எடுத்தவர் காசநோயாகவும் இருக்கலாம் என்கிறார். தைராய்டு கட்டி மெடுல்லரி என்று ஏற்கெனவே தெரியும். எப்படிப் பிரிப்பது?
– ஆத்தூர்

நம் ஊரில் இது நியாயமான சந்தேகம். சொத்தைப் பல்லோ தலையில் புண்ணோ இருந்தால்கூடக் கழுத்துக் கணு வீங்கும். நீள்வட்டமாக, நடுவில் கொழுப்புப் பகுதி தெளிவாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. உருண்டையாகி, அந்த நடுப்பகுதி மறைந்து, சின்னச் சின்னச் சுண்ணாம்புப் புள்ளிகளோ ஓரத்தில் ஒழுங்கற்ற ரத்த ஓட்டமோ தெரிந்தால் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும். கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் அழுகியிருந்தால் காசநோய் பக்கம் சாயும். ஆனாலும் படத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

தீர்ப்பு ஊசியில்தான். அதிலும் செல்களைக் கண்ணாடியில் தடவிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அதே ஊசியை 1 மி.லி. சலைனில் அலசி, அந்த நீரில் கால்சிடோனின் அளக்கச் சொல்லுங்கள். கணுவில் மெடுல்லரி இருந்தால் அந்த எண் ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு எகிறி நிற்கும். அலசிய நீரை ஃபார்மலினிலோ ஆல்கஹாலிலோ போட்டுவிட்டால் எல்லாம் வீண். சலைன், பனிக்கட்டி, உடனே லேப். காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கும் அதே சமயம் கொஞ்சம் எடுத்து அனுப்பலாம். இரண்டு நோயும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு.

சாதாரணக் கட்டி என்று நினைத்துத் தைராய்டில் பாதியை எடுத்தார்கள். பயாப்சியில் 9 மி.மீ. மெடுல்லரி என்று வந்திருக்கிறது. மீதியையும் எடுத்தே ஆக வேண்டுமா?
– ஓமலூர்

கட்டாயம் இல்லை. இந்த நோயை வம்சவழியில் கொண்டுவரும் ரெட் மரபணுவில் பிறவி மாற்றம் இருந்தால், அல்லது அறுவைக்குப் பிந்தைய கால்சிடோனின் கூடுதலாக இருந்தால், அல்லது படத்தில் மிச்சம் தெரிந்தால் மீதியை எடுக்க வேண்டும். மூன்றும் இல்லையென்றால் கண்காணிப்பே போதும்.

1 செ.மீ.க்கும் குறைவான கட்டியும் பரவலாம் என்பதால், பயாப்சி பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்த திசு) திரும்பக் கொடுத்துச் சில விவரங்கள் கேட்டு வாங்குங்கள். கட்டியைச் சுற்றி நார்த்திசு படர்ந்திருக்கிறதா? படரவே இல்லையென்றால் கணுப் பரவல் மிக அபூர்வம். சிறு கட்டிகளில் பெரிதும் உதவும் தடயம் இது. கட்டி ஒன்றா, பலவா? தைராய்டின் உறையைத் தாண்டியதா? 2 சதுர மி.மீ. பரப்பில் 5 அல்லது அதற்கு மேல் செல் பிரிவுகள், செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கி-67 அளவு 5 சதவீதம் அல்லது அதற்கு மேல், திசு அழுகல் – இவற்றில் ஒன்று இருந்தாலும் 2022-இல் வந்த சர்வதேசத் தர முறையில் அது உயர் தரம். அறுவைக்கு முன் கால்சிடோனின் பார்க்காமல் விட்டதால் நீங்கள் இழந்தது ஒரு நல்ல வழிகாட்டி; அந்த இடத்தை இந்த விவரங்கள் ஓரளவுக்குத்தான் நிரப்பும்.

வயது, கட்டியின் அளவு போட்டால் கணுப் பரவல் இத்தனை சதவீதம் என்று சொல்லும் கணினிக் கணக்குகள் இருக்கின்றனவே?
– ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

இருக்கின்றன. ஆண், பெரிய கட்டி, பல கட்டிகள், உறையைத் தாண்டியது என்று போட்டால் சதவீதம் கூடும், அதில் தவறில்லை. ஆனால் இவற்றில் பல அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் தரவில் செய்தவை. அந்தப் பதிவேட்டில் கால்சிடோனின் அளவே கிடையாது. உறையைத் தாண்டியதா என்பதும் அறுவைக்குப் பிறகுதான் உறுதியாகும். அறுவைக்கு முன் முடிவெடுக்க வேண்டியவருக்கு இது அவ்வளவாகப் பயன்படாது.

எனக்கு மெடுல்லரி. ரெட் மரபணுவில் கோடான் 634 மாற்றம் என்று வந்தது. கட்டியிருப்பது அக்கா மகளை. 4 வயதில் மகன் இருக்கிறான். யார் யாருக்குப் பரிசோதனை?
– எடப்பாடி

முதலில் மகனுக்கு, தாமதமில்லாமல். அந்த மரபணுவின் 634 என்ற இடத்தில் மாற்றம் இருந்தால் 5 வயதுக்குள் தைராய்டை எடுத்துவிடச் சொல்கிறார்கள். கால்சிடோனின் ஏறினால் இன்னும் முன்னதாக. அவனுடைய கால்சிடோனின் 40-க்குக் கீழே இருந்து, படத்திலும் கணு தெரியாவிட்டால், நடுக்கழுத்துக் கணுக்களைத் தொட வேண்டியதில்லை. சின்னக் குழந்தையின் பாராதைராய்டைக் காப்பாற்ற இது பெரிய உதவி. (3 வயதுக்குக் கீழே இயல்பிலேயே கால்சிடோனின் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதைச் சொந்தத்தில் மற்றக் குழந்தைகளைப் பார்க்கும்போது நினைவில் வையுங்கள்.)

இந்த மாற்றம் உங்களுக்கு அப்பா அம்மா வழியில் வந்ததென்றால் அக்காவுக்கு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம், அக்கா மகளான உங்கள் மனைவிக்கு 25. மனைவிக்கு இல்லையென்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் 50 சதவீதம். அவருக்கும் இருந்துவிட்டால் 75 ஆகிவிடும். ஆகவே அக்கா, மனைவி, உங்கள் உடன்பிறந்தார் எல்லோரும் ஒரு குழாய் ரத்தம் கொடுக்க வேண்டும். உங்களிடம் எந்த மாற்றம் என்று தெரிந்துவிட்டதால் அவர்களுக்கு அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் போதும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் தனியாக வந்ததாகத் தோன்றும் நோயாளிகளிலும் 100-க்கு 1 முதல் 7 பேருக்குப் பிறவி மாற்றம் இருக்கிறது. ‘எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை’ என்று இந்தப் பரிசோதனையைத் தள்ளிவிட முடியாது.

மலைவாசிகளுக்குக் கழுத்துக் கழலை வருவது உப்பினால் என்பார்கள். அயோடின் உப்பு சாப்பிட்டால் மெடுல்லரி வராதா?
– ஏற்காடு

சம்பந்தமில்லை. ‘சி’ செல்கள் அயோடினை எடுப்பதில்லை. கதிரியக்க அயோடின் இந்த நோயில் வேலை செய்யாததற்கும் காரணம் அதுவே. பொதுவான கழலையைத் தடுக்க அயோடின் உப்பு வேண்டும், அதை விடாதீர்கள்.

வெள்ளிப் பட்டறை வேலை. இரண்டு பக்கமும் கணு எடுக்கப் போகிறார்கள். கை வேலைக்கு உதவுமா?
– செவ்வாய்பேட்டை

தோளைத் தூக்கும் நரம்பு, எடுக்கப்போகும் 2-ஆம், 5-ஆம் நிலைகளின் ஊடே போகிறது. நரம்பை வெட்டாமல் காப்பாற்றினாலும் இழுபட்டதில் சில மாதம் கை தோளுக்கு மேல் எழும்பத் தயங்கும். டிரெயின் குழாய் எடுத்ததும் பிசியோதெரபி தொடங்குங்கள். தோள் இறுகிய பிறகு தொடங்கினால் காலம் இழுக்கும். தொழில் இன்னது என்று சர்ஜனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல் சில நாட்களில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வந்தால் கால்சியம் குறைகிறது என்று அர்த்தம், உடனே சொல்ல வேண்டும். இடது பக்க டிரெயினில் சாப்பிட்ட பிறகு பால் போல வெள்ளையாக வந்தால் நிணநீர் நாளம் கசிகிறது. கொழுப்பில்லாத உணவிலேயே பல சமயம் நின்றுவிடும். தைராக்சின் மாத்திரையை டி.எஸ்.ஹெச். இயல்பாக இருக்கும் அளவுக்கு எடுத்தால் போதும். மற்றத் தைராய்டு புற்றுநோய்க்குச் செய்வதுபோல் அடக்கி வைக்க வேண்டியதில்லை.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். கால்சிடோனின் 1,150-லிருந்து 38-க்கு வந்திருக்கிறது. ஸ்கேன் சுத்தம். பூஜ்யம் ஆகவில்லையே, திரும்பக் கழுத்தைத் திறக்க வேண்டுமா?
– மேட்டூர்

அவசரப்பட வேண்டாம். எங்கோ சில செல்கள் மிச்சம் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் 150-க்குக் கீழே இருக்கும்போது கழுத்து அல்ட்ராசவுண்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தமும் போதும்; உடம்பு முழுவதும் படம் எடுத்துத் தேடுவது பெரும்பாலும் வெறும் செலவு. மறு அறுவையை யோசிப்பது, முதல் முறை கணு எடுத்தது அரைகுறையாக இருந்தால்தான். அதற்கும் அறுவைக்கு முந்தைய எண் 1,000-க்குக் கீழே, நோயுள்ள கணுக்கள் 5 அல்லது அதற்குக் குறைவு என்ற வரம்பு வைத்திருக்கிறார்கள். உங்களுடையது அந்த வரம்பைத் தாண்டியது.

இனி பார்க்க வேண்டியது எண்ணின் வேகம். ஒரே லேபில் எடுத்த நான்கு அளவாவது சேர்ந்தால், அது இரட்டிப்பாக எவ்வளவு காலம் எடுக்கிறது என்று கணக்கிடலாம். இரண்டு ஆண்டுக்கு மேல் எடுத்தால் நோய் மெதுவாக நகர்கிறது. ஆறு மாதத்துக்குள் இரட்டித்தால் மருத்துவமனையை விட்டு விலகாதீர்கள். சி.இ.ஏ.யையும் அதே நாளில் சேர்த்து எடுங்கள். கால்சிடோனின் அசையாமல் சி.இ.ஏ. மட்டும் ஏறினால் செல்களின் குணம் மாறுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள். அறுவைக்கு முந்தைய அந்த 1,150 ரிப்போர்ட்டும் அதில் இருக்கட்டும்.